வில்லன் எதைப் பார்த்துச் சிரித்தான்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். படத்தில் வில்லன் சிரிக்கிறானே, தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய, அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? எரிகிற வீட்டைப் பார்த்து, காலில் விழுந்து அழுகிற பெண்ணைப் பார்த்து என்பீர்கள். நமக்குக் காட்டியது அதுதான், அதனால் அதைத்தான் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்த வில்லன் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் என் தாய்மாமா. அந்தச் சிரிப்பால் அவருடைய கல்யாணமே நிற்கப் பார்த்தது.

இன்றைக்கும் எந்தப் படம் பார்த்தாலும் எனக்குக் கதாநாயகன் மேல் கண் போகாது. வில்லனைத்தான் பார்ப்பேன். அவன் முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது? கண் எந்தப் பக்கம் போகிறது? அந்தப் பக்கத்தில் நிஜமாக யார் நின்றிருப்பார்கள்? என் மகளுக்கு இது எரிச்சல். "படத்தைப் பாருங்கம்மா" என்பாள். படத்தைத்தான் பார்க்கிறேன் என்பேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. மலாக்காவில், காஜா பெராங் சடக்கை, அதாவது ரோட்டை ஒட்டி, செட்டிக் கம்பம் என்கிற கிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் பலகை வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. நாலு பேர்.

மாமா பஸ் கண்டக்டர். டவுனிலிருந்து எங்கள் வாசல் வழியாகச் செங் என்கிற ஊர் வரைக்கும் போய்த் திரும்பும் பலகை பஸ். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி. ஒவ்வொரு ஓட்டைக்கும் அதற்குள் ஒரு சின்ன மணி டிங்கென்று அடிக்கும். அந்தக் கருவியை இரவில் துடைத்து அலமாரிக்கு மேல் வைப்பார். நான் தொட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மாதான் திட்டுவார்.

ஆள் எப்படி இருப்பார் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதையே இல்லை. நல்ல உயரம். நல்ல கறுப்பு. பெரிய கண். கன்னத்தில் அம்மைத் தழும்பு. மேல் உதட்டை மூடிய கட்டை மீசை. அந்த உருவத்துக்குள் இருந்த ஆளோ, வீட்டில் கோழி அறுத்தால் சடக்குக்குப் போய் நின்றுகொள்வார். சிரிக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்வார். சிரிப்பும் பெரிய சிரிப்பு இல்லை. விக்கல் வந்தது போல ஹிக், ஹிக் என்று இரண்டு, மூன்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இவருக்குப் பெண் தேடி அம்மா அலைந்த அலைச்சல் கொஞ்சம் இல்லை. மூன்று இடத்தில் ஆளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். நாலாவது இடம் செங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கிராணியார் வீடு. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், நாலு எழுத்துப் படித்தவர், வெள்ளைக் கால்சட்டை போடுகிறவர். அவர் மகளைப் பேசி முடித்தார்கள். தட்டு வைத்துப் பரிசம் போட்டார்கள். அடுத்த வாரமே பெண்ணின் பெரியப்பா இறந்துபோனார். சாவு விழுந்த வீடு, கல்யாணம் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வந்து கோப்பித் தட்டை நீட்டினாள், குனிந்தபடியே உள்ளே போனாள். மாமாவின் கால் கட்டைவிரலை வேண்டுமானால் பார்த்திருப்பாள். பரிசம் போட்ட பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே கூடாது. செங் போகிற பஸ்ஸில் மாமாதான் கண்டக்டர் என்பதால், அந்த வீட்டுப் பெண்கள் டவுனுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஆக, தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து ஒரு மலாய்ப் படக் கம்பெனி வந்து இறங்கியது. நடிகர்கள் மலாய்க்காரர்கள், டைரக்டர் தமிழர். அவர்களுடைய லாரி வழியில் கெட்டுப்போய், டைரக்டர் மாமாவின் பஸ்ஸில் ஏறினார். மாமா வீட்டில் வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"தம்பி, நீ தமிழா?"

"ஆமாங்கய்யா. டிக்கெட்டு எடுத்துக்கங்கய்யா."

"கொஞ்சம் திரும்பு. இந்தப் பக்கம். சினிமாவுல நடிக்கறியா?"

"டூட்டி இருக்குங்கய்யா."

டைரக்டரே பஸ் முதலாளியிடம் போய்ப் பேசி ஒரு வாரம் லீவு வாங்கிக்கொடுத்தார். கொள்ளைக்காரத் தலைவனாக நடிக்க வந்த ஆளுக்கு மஞ்சள் காமாலை. அந்த உடுப்பு மாமாவுக்குச் சரியாக இருந்தது.

அப்பா "கூத்தாடப் போறானா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கோ கால் தரையில் படவில்லை. மூன்று வீட்டில் வேண்டாம் என்ற முகத்தை ஒருவன் தேடி வந்து கேட்கிறான் அல்லவா.

பள்ளி விடுமுறை. நானும் அம்மாவும் சோற்றுத் தூக்கோடு கிளேபாங் கடற்கரைக்குப் போனோம். தென்னந்தோப்பில், எரிப்பதற்கென்றே பத்துப் பன்னிரண்டு அத்தாப்பு ஓலைக் குடிசைகள் கட்டியிருந்தார்கள். கடற்கொள்ளைக்காரர்கள் ஊரைக் கொளுத்துவது கதை. ஊர் ஜனங்களாக ஓடுவதற்குக் கம்பத்துப் பெண்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நாங்கள் மாச்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவும் அதில் ஒருவர். அவர் செட்டிக் கம்பத்துக்காரர். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய்.

டைரக்டர் ஊதலை ஊதியதும் அவர்கள் அலறிக்கொண்டு ஓட வேண்டும். ஓடினார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மறுபடி ஊதினார். மறுபடி சிரிப்பு. டைரக்டர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். பிறகு, சாரோங் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள் என்றார். மூடிக்கொண்டு ஓடினார்கள். சிரிப்பு அழுகையாகிவிட்டது! தோள் குலுங்குவது இரண்டுக்கும் ஒன்றுதானே. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவும் போதவில்லை அவருக்கு. "கோழி எங்கடா? கோழி இல்லாம என்ன கலவரம்?" என்றார். கூடையோடு ஓர் ஆள் வந்து காமிராவுக்கு முன்னால் கோழிகளை ஒவ்வொன்றாக வீசினார். மாச்சிக் வீட்டுக் கோழியும் அதில் பறந்தது. இருபது பெண்கள், ஆறு கோழி, ஈர ஓலையைக் கொளுத்திய புகை. போன பெண்களே சுற்றிக்கொண்டு வந்து மறுபடி ஓடினார்கள். பிறகு தியேட்டரில் பார்த்தபோது ஓர் ஊரே அழிந்துகொண்டிருந்தது.

மாமாவை ஒரு பெட்டி மேல் உட்காரவைத்து மேக்கப்காரர் முகத்தில் கரி குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கதாநாயகனுக்கு வெள்ளைப் பவுடர்.

"அண்ணே, மாமாவே கறுப்புதானே? எதுக்கு இன்னும் கறுப்பு பூசறீங்க?"

"கெட்டவன்னு பாத்த ஒடனே தெரியணும் பாப்பா. யோசிக்க விட்டா பாதிப் பேரு தூங்கிருவான்."

"நானுங்கூட கறுப்புதானே?"

"நீ சின்னப் புள்ள" என்றார்.

அது பதில் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும் அது பதில் இல்லை என்று. கரி பூசிய கையும் கறுப்பு. பூசச் சொன்ன டைரக்டரும் என்னைவிட ஒரு பங்கு கறுப்பு. நம் ஆளே நம் ஆளைப் பிடித்து, நம் நிறத்தையே எடுத்து, இதுதான் கெட்டது என்று ஊருக்குக் காட்டினான். இத்தனை வருஷத்தில் மேக்கப் மாறிவிட்டது, காமிரா மாறிவிட்டது. இது மட்டும் மாறவில்லை. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அன்றைக்குக் கோபத்தைவிட ஆசைதான் அதிகம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். மணலில் இடுப்பளவு குழி தோண்டி, அதற்குள் காமிராவையும் காமிராக்காரரையும் இறக்கினார்கள். மாமாவை மேட்டில் நிறுத்தினார்கள். குழிக்குள் இருந்து பார்த்தால் மாமா தென்னை மரத்தைவிட உயரம். வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை மணலில் சாய்த்து, வெயிலைப் பிடித்துத் தாடைக்குக் கீழே அடித்தார்கள். நமக்கு வெளிச்சம் மேலிருந்து விழுந்துதான் பழக்கம். கீழிருந்து விழுந்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறுகிறது, கண் இரண்டும் பள்ளமாகிறது. யார் முகமாக இருந்தாலும் அப்படித்தான். நம்பாவிட்டால் டார்ச் லைட்டைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பாருங்கள்.

"சரி, சிரிப்பா" என்றார் டைரக்டர்.

மாமா வாயைப் பொத்திக்கொண்டு ஹிக் என்றார்.

"கையை எடுய்யா! கொள்ளைக்காரன் வாயைப் பொத்திக்கிட்டா சிரிப்பான்?"

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒரு துண்டால் கட்டினார்கள். இப்போது சிரிப்பே வரவில்லை. பல்லை மட்டும் காட்டினார். பல் வலிக்காரன் போல இருந்தது.

"எதுக்கு சிரிக்கணும்னு சொன்னீங்கன்னா செய்வேங்கய்யா."

"எதுக்கா? நீ சிரி. காரணத்தை நான் அப்பறம் ஒட்டிக்கறேன்."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. அப்போது விளங்கவில்லை. ஒட்டுவதற்குக் காரணம் என்ன கிழிந்த கடுதாசியா என்று நினைத்தேன்.

ஏழெட்டுத் தடவை பார்த்தார்கள். வெயில் இறங்கத் தொடங்கியது. டைரக்டர் வேறு ஆள் பார்க்கலாமா என்று முணுமுணுத்தார். அப்போது என் அம்மாதான், சோற்றுத் தூக்கோடு முன்னால் போய்ச் சொன்னார்: "ஐயா, எம் பொண்ணு பஸ் செக்கர் மாதிரி செஞ்சு காட்டுவா. அதைப் பாத்தா இவன் விழுந்து விழுந்து சிரிப்பான்."

அந்தச் செக்கர் மாமாவின் பஸ்ஸில் டிக்கெட் சோதிக்க வருகிறவர். கண் சரியாகத் தெரியாது, கண்ணாடி போடவும் வெட்கம். டிக்கெட்டை மூக்குக்கு நேரே கொண்டுபோய், முகர்ந்து பார்ப்பது போலப் பார்ப்பார். தலைகளை எண்ணுவார், தப்பிப்போகும், மறுபடி எண்ணுவார். ஒரு தடவை சீட்டுக்கடியில் கட்டியிருந்த ஆட்டிடம் "தீக்கெட் மானா?" என்று டிக்கெட் கேட்டுவிட்டார். இதெல்லாம் மாமா சொல்லி எனக்குத் தெரியும். வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடித்துக் காட்டுவேன்.

என்னைக் குழியின் விளிம்பில், காமிராவின் கண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் டிக்கெட்டை முகர்ந்தேன். எண்ணினேன். ஆட்டிடம் கேட்டேன். ஆடு பதில் சொல்லாததற்காகக் கோபித்துக்கொண்டு கன்னத்தை உப்பினேன். மாமாவுக்கு முதலில் வயிறு குலுங்கியது. பிறகு தோள். வாயைப் பொத்தக் கை இல்லை. தலை பின்னால் போனது. வாய் முழுவதும் திறந்தது. கண்ணில் தண்ணீர். அப்படி ஒரு சிரிப்பை நானே அதுவரை பார்த்தது இல்லை.

"அருமை! பேய் மாதிரி இருந்துச்சுய்யா!" என்று டைரக்டர் கத்தினார். எனக்கு ஒரே பெருமை. அம்மாவுக்கு அதைவிட. என் தம்பி சிரித்தால் எவ்வளவு அழகாக இருக்கிறான் பார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சுதந்திரம் வந்தது. சில மாதம் கழித்து, சடக்கில் கட்டிய கொடித்துணிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தபோது, படமும் வந்தது. அம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நேரில் பார்த்துக்கொள்வதுதானே கூடாது? படத்தில் பார்த்தால் என்ன தப்பு? அதுவும் சிரித்த முகம்! பாவம், என் அம்மா. அவர் பார்த்தது கடற்கரையில் சிரித்த தம்பியை. திரையிலும் அவனே வருவான் என்று நினைத்தார். கிராணியார் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர்களும் இது நல்ல யோசனை என்று ஒத்துக்கொண்டார்கள். வழக்கமும் கெடாது, பெண்ணும் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். ஒரு வரிசை முழுக்க இரண்டு வீட்டு ஆட்களும். கிராணியார் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாடகைக் கார் வைத்து வந்திருந்தார். பெண் நடுவில், அவள் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் இடையில், ஊதாச் சேலையில் தலை குனிந்து. நான் அம்மாவுக்கு இந்தப் பக்கம். மாமா பஸ்ஸில் டூட்டி. அவர் வரக் கூடாது அல்லவா.

ஊர் எரிந்தது. பெண்கள் ஓடினார்கள். முன் வரிசையிலிருந்து மாச்சிக் "ஆயாம் அக்கு! அது என் கோழி!" என்று இரண்டு மொழியிலும் கத்த, தியேட்டரே சிரித்தது. அம்மா பெண்ணின் பக்கம் சாய்ந்தார். "இப்ப வருவான். நிமிந்து பாரும்மா, தப்பில்ல."

பெண் நிமிர்ந்தாள்.

முதலில் ஒரு பூட்ஸ் கால். பிறகு முரசு. பிறகு, கீழே மணலில் ஒருத்தி தன் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறாள். அந்தப் பெண்ணைக் கடற்கரையில் நான் பார்க்கவே இல்லை. அவள் வேறு எங்கோ, வேறு ஒரு நாளில் கெஞ்சியிருக்கிறாள். அவள் அண்ணாந்து பார்க்கிறாள். சட்டென்று மாமா. திரை முழுக்க மாமா. பள்ளமான கண், கரி முகம். கீழே குனிந்து பார்க்கிறார், தலையைப் பின்னால் போட்டுச் சிரிக்கிறார். சிரிப்புச் சத்தம் அவருடையதே இல்லை. யாரோ ஒரு முரட்டுக் குரலை, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, அந்த வாயில் வைத்திருந்தார்கள். மறுபடி அந்தப் பெண். மறுபடி மாமா. குடிசை சரிந்து பிள்ளை மேல் விழுகிறது. மறுபடி மாமா, கண்ணில் தண்ணீர் வர.

காரணத்தை ஒட்டிவிட்டான்.

முன் வரிசையில் யாரோ கச்சான் கடலைத் தொலியைத் திரை மேல் வீசினார்கள். மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று சபித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? குழி தோண்டியதிலிருந்து கையைக் கட்டியது வரை எல்லாவற்றையும் பார்த்தவள், அந்தச் சிரிப்பையே வரவழைத்தவள், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பயந்துவிட்டேன். எல்லாம் தெரிந்தும் பயந்தேன். சினிமாக்காரனுடைய திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மடியிலிருந்து தலையைத் தூக்கியபோது பெண் மறுபடி குனிந்திருந்தாள். படம் முடியும்வரை நிமிரவில்லை. வெளியே வந்ததும் கிராணியார் எங்களோடு கோப்பி குடிக்கக்கூட நிற்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் மாமாவுக்குப் பட்டப்பெயர். கைப்பிள்ளைகள் அவரைப் பார்த்து வீறிட்டன. பள்ளிக்கூடப் பையன்கள் பின்சீட்டில் நின்றுகொண்டு, "சிரிங்கண்ணே! ஒரு தடவை சிரிங்கண்ணே!" என்று கத்தினார்கள். ஒரு சீனத்துக் கிழவி அவர் கையிலிருந்து டிக்கெட் வாங்க மாட்டேன் என்று டிரைவரிடம் போய் வாங்கினாள். மாமாவுக்கு எதுவும் விளங்கவில்லை. அவர்தான் படத்தையே பார்க்கவில்லையே. வியாழக்கிழமை லீவு போட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தார்.

சாயங்காலம் வந்தார். நான் வாசலில் இருந்தேன். என் முன்னால் உட்கார்ந்து, "நான் அப்படியா சிரிக்கறேன்?" என்று கேட்டார்.

இல்லை மாமா என்று சொல்லியிருக்கலாம். நிஜமும் அதுதான். ஆனால் அந்த முகம் அவ்வளவு கிட்டத்தில் வந்ததும் நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் பார்த்துவிட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை கிராணியாரிடமிருந்து கடிதம் வந்தது. பரிசத் தட்டைத் திருப்பி அனுப்ப நாள் பார்ப்பதாக எழுதியிருந்தார். அம்மா அழவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு செங்குக்குப் பஸ் ஏறினார். நல்ல வேளை, அது மாமாவின் பஸ் இல்லை.

கிராணியார் எங்களை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்தார். பெண் உள்ளறையில் இருந்தாள். கதவில் திரைச்சீலை.

"அண்ணே, அது வேஷந்தானே? ஒரு வேஷத்துக்காகப் பொண்ணு வாழ்க்கையை..."

"படிச்சவம்மா நான். நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. உள்ள இல்லாதது மொகத்துல எப்படி வரும்? அழச் சொன்னா எவனும் அழுதுருவான். அப்படிச் சிரிக்கணும்னா, உள்ள ஏதாச்சும் இருந்தாத்தானே முடியும்?"

எனக்குத் தாங்கவில்லை.

"அது என்னைப் பாத்து சிரிச்சது" என்றேன்.

"என்ன?"

"நான் செக்கர் மாதிரி செஞ்சேன். அதுக்குத்தான் மாமா சிரிச்சாரு. தீயைப் பாத்தெல்லாம் சிரிக்கல."

"எங்க, செய் பாப்போம்" என்றார் கிராணியார். ஆபீசில் கணக்குக் கேட்கும் குரல்.

செய்தேன். டிக்கெட்டை முகர்ந்தேன். தலைகளை எண்ணினேன். கிராணியார் தலையையும் விரலால் சுட்டி எண்ணினேன். ஆட்டிடம் டிக்கெட் கேட்டேன். அந்தக் கூடத்தில் ஒரு முகம் அசையவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றபோது அம்மாவின் கை வந்து விழுந்தது. "பெரியவங்களை எண்ணுவியாடி?"

கிராணியாரின் மனைவி எழுந்து உள்ளே போனார். திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பொண்ணு சரிங்கறா" என்றார்.

கிராணியார் இரண்டு நிபந்தனை போட்டார். மீசையை எடுத்துவிட வேண்டும். இனிமேல் சினிமாப் பக்கம் போகக் கூடாது. மாமா அன்றைக்குச் சாயங்காலமே மீசையை எடுத்துவிட்டு வந்தார். அவர் உதட்டை அப்போதுதான் நான் முழுதாகப் பார்த்தேன். சின்ன உதடு. தையில், துக்காங் எமாஸ் சடக்குப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம் நடந்தது.

என் கூத்தைக் கேட்டுத்தான் பெண் மனம் மாறினாள் என்று எனக்குள் ஓர் எண்ணம். கன்னத்தில் வாங்கிய அறைக்கு அது கூலி என்று நினைத்துக்கொண்டேன். அறுபது வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா தனி வீடு போனார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் செக்கர் செய்து காட்டுவேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு அம்மாவோடு பேசப் போய்விடுவார். குடும்பம் ஆனால் பொறுப்பு வந்துவிடும் என்று அம்மா சொன்னார். அப்பாவும் அதையே சொன்னார். நானும் வளர்ந்தேன், செக்கரை மறந்தேன். மாமா கண்டக்டராகவே இருந்து ஓய்வு பெற்றார். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தார். சில வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனார். நல்ல மனிதர், கொஞ்சம் உம்மணாமூஞ்சி என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் படத்தை நான் தேடாமல் இல்லை. மாமா உயிரோடு இருந்தபோதே தேடினேன். அந்தக் கண் எங்கே பார்க்கிறது, என் பக்கம்தானா என்று ஒரே ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பழைய சுருள்களை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய படங்களைச் சேர்த்து வைக்கிறவர்களிடம் எழுதிக் கேட்டேன். இல்லை என்று பதில் வந்தது. ஒரு மனிதனைப் பிடித்துக் கெட்டவனாக்கி ஊருக்கெல்லாம் காட்டத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். மாமாவைக் கட்டிய அந்தப் பெண்தான். செங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது தொழிற்சாலையும் தாமான் வீடுகளும். அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. முட்டிதான் வலி. பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அத்தை, அன்னிக்கு நான் செக்கர் மாதிரி செஞ்சதைக் கேட்டுத்தானே சரின்னு சொன்னீங்க?"

"எந்தச் செக்கரு?"

சொன்னேன். ஞாபகமே இல்லை அவருக்கு.

"அடி போடி. தட்டு திரும்பிப் போன பொண்ணை எவன் கட்டுவான்னு எங்கம்மா கேட்டாங்க. சரின்னுட்டேன். பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

"எத்தனை நாளு பயந்தீங்க?"

"ஒரு வருசம் இருக்கும். மூத்தவன் வயித்துல இருக்கறப்ப எனக்கு ஒண்ணுமே தங்காது. உங்க மாமா டூட்டி முடிஞ்சு வந்து, கஞ்சி வச்சு, ஒவ்வொரு கரண்டியா ஊதி ஊதிக் குடுப்பாரு. அப்ப போயிருச்சு பயம்." முட்டியைத் தடவிக்கொண்டார். "ஆனா ஒண்ணுடி. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"ஒரு தடவைகூடவா?"

"கல்யாணம் ஆன மொத வாரம், எதுக்கோ சிரிக்க வந்துச்சு அவருக்கு. நான் அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். வாயைத் தொறந்தாரு, எங் கையில இருந்த சட்டி கீழ விழுந்துருச்சு. அரிசியெல்லாம் தரையில. குனிஞ்சு எல்லாத்தையும் அவரே பொறுக்கிப் போட்டாரு. அப்பறம் சிரிக்கவே இல்ல."

சிரிக்கக் கூடாது என்று யாரும் நிபந்தனை போடவில்லை. கிராணியார் மீசையோடு நிறுத்திக்கொண்டார். இதை மாமா தானாகப் போட்டுக்கொண்டார்.

"பயம் போயிருச்சுன்னு நீங்க அவருகிட்ட சொல்லலியா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. குரல் ஏறிவிட்டது.

"என்னன்னு சொல்றது? இனிமே சிரிக்கலாம்னா?"

சமையலறையில் மருமகள் ஏதோ தாளித்தாள். அத்தை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் படம் எங்கயாச்சும் கெடைக்குமா? உனக்குத்தான் இதெல்லாம் தேடத் தெரியுமே."

"அது எதுக்கு அத்தை உங்களுக்கு?"

"அதுல மட்டுந்தானே சிரிக்கறாரு."

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சொல்ல வரவில்லை. "அதுல வர்ற சத்தம்கூட மாமாவுது இல்ல அத்தை. வேற எவனோடதோ" என்றேன்.

"சத்தத்தை நிறுத்திட்டுப் போடு" என்றார் அத்தை. "எனக்கு மொகம் போதும்."